முந்தல் கரையில் மின்சாரமும் பிழைப்பும்

இலங்கையில் மின்சாரம் எட்டாத வீடு இனி இல்லை என்று 2016இல் அரசு அறிவித்தது. 1990 அளவில் பத்து வீட்டில் மூன்று வீட்டுக்குத்தான் இணைப்பு இருந்தது. ஒரு தலைமுறைக்குள் நடந்த இந்த மாற்றம் பெரிய சாதனை. அதை யாரும் குறைத்துப் பேச வேண்டியதில்லை. புத்தளம் மாவட்டக் கரையில், சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையில் இருக்கும் முந்தல் பிரதேசமும் அந்தக் கணக்குக்குள் வருகிறது. உடப்பு, ஆண்டிமுனை, பூனைப்பிட்டி ஆகிய மீனவர் ஊர்களிலும், மதுரங்குளி, கடையாமோட்டை, விருதோடைப் பக்கத்துத் தென்னந்தோட்டங்களுக்குள்ளும் மின்கம்பங்கள் நிற்கின்றன. கரண்ட் எப்போது வரும் என்ற கேள்வி இங்கே முடிந்துவிட்டது. வந்த கரண்டால் யாருடைய கையில் எவ்வளவு காசு கூடியது என்பதுதான் இனிக் கேட்க வேண்டிய கேள்வி.

உலகெங்கும் இந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடைக்கவில்லை. தென்னாபிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் மின்சாரம் எட்டிய ஊர்களைப் பற்றி டாரின் டிங்கிள்மன் 2011இல் வெளியிட்ட ஆய்வு, அங்கே வேலைக்குப் போகும் பெண்களின் விகிதம் ஒன்பது சதவீதப் புள்ளிகளுக்கு மேல் கூடியதாகக் கண்டது. விறகு பொறுக்கும் நேரம் மிச்சமானதும், சிறு கைத்தொழில் வீட்டுக்குள் வந்ததும் காரணங்கள். ஆனால் கென்யாவில் லீ, மிகுவெல், வோல்ஃப்ரம் மூவரும் கிராமத்து வீடுகளுக்கு மானியத்தில் இணைப்புக் கொடுத்து நடத்திய பரிசோதனையில், ஒன்றரை ஆண்டு கழிந்தும் வருமானத்தில் சொல்லத்தக்க மாற்றம் ஏதும் தெரியவில்லை. இந்தியாவில் 2005இல் தொடங்கிய ராஜீவ் காந்தி கிராம மின்மயத் திட்டத்தை ஆராய்ந்தவர்களும் இதற்கு நெருக்கமான முடிவுக்கே வந்தார்கள். சிறிய ஊர்களில் பலன் மங்கலாக இருந்தது; சந்தையும் சனமும் உள்ள பெரிய ஊர்களில் தெளிவாகத் தெரிந்தது.

இவற்றைச் சேர்த்துப் படித்தால் எனக்குப் படுவது இது. மின்சாரம் வெளிச்சமாகவும் தொலைக்காட்சியாகவும் நிற்கும்வரை குடும்பக் கணக்கில் அது செலவு. மோட்டாரைச் சுழற்றி, நீரை இறைத்து, மீனைக் குளிரவைத்து, விற்கிற பொருளின் விலையைத் தூக்கும்போதுதான் வரவு. அந்த இரண்டாவது படிக்குப் போகக் கம்பி மட்டும் போதாது. கடன், சந்தை, தளம்பாத மின்னழுத்தம், நியாயமான கட்டணம் ஆகியவையும் கூடவே வரவேண்டும். முந்தலில் இவற்றில் சில வந்தன, சில வரவில்லை.

வெளிச்சத்தின் பெறுமதியைக் காசால் மட்டும் அளக்கக்கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரிபோட்ட குப்பி விளக்கு கவிழ்ந்து எரிந்துபோன பிள்ளைகள் இந்த நாட்டு வைத்தியசாலைகளில் எத்தனையோ பேர். சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, கவிழ்ந்தாலும் உருளாத, தட்டையான கண்ணாடி விளக்கொன்றைச் செய்து நாடெங்கும் கொடுத்தார்; 1998இல் அதற்காக ரோலெக்ஸ் விருது பெற்றார். ஓலைக் கொட்டிலில் வாழ்ந்தவர்களுக்கு ஒரு பல்ப் என்பது முதலில் உயிர்ப் பாதுகாப்பு. அந்தப் பாதுகாப்பும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கிடைக்கவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்துக்குத்தான் வந்தார்கள். காணி உறுதியும் நிரந்தரக் கூரையும் இல்லாத முகாமில் மீட்டர் பொருத்துவது எளிதல்ல. 2007இல் உலக வங்கியின் உதவியோடு வீடமைப்புத் திட்டம் தொடங்கும்வரை பலர் பதினைந்து ஆண்டுக்கு மேல் அப்படியே கிடந்தார்கள். நூறு சதவீதம் என்ற எண்ணைப் பார்க்கும்போது, கடைசியாக இணைந்தவர்கள் பெரும்பாலும் மிக வறியவர்கள் என்பது நினைவில் இருக்கட்டும். தொழிலுக்கு மின்சாரத்தைத் திருப்பும் முதல் அவர்களிடம் இல்லை.

மின்சாரம் பணமாக மாறியதை இந்தக் கரையில் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் இறால் பண்ணைக்குத்தான் போகவேண்டும். 1980களில் சிலாபம் தொடங்கிப் புத்தளம் வரை, ஒல்லாந்தர் கால்வாயையும் முந்தல் களப்பையும் ஒட்டிப் பண்ணைக் குளங்கள் வெட்டப்பட்டன. இங்கே வளர்க்கப்பட்டது கறுப்பு வரி இறால். ஒரு போகம் ஏறத்தாழ நான்கு மாதம். பகலில் குளத்து நீரிலுள்ள நுண்பாசி வெயிலில் ஒட்சிசனை வெளியிடும். பொழுது சாய்ந்ததும் அந்த வேலை நின்றுவிடும். பாசியும் இறாலும் அடியில் அழுகும் தீனியும் எல்லாம் சேர்ந்து அதே ஒட்சிசனை உறிஞ்சத் தொடங்கும். விடியற்காலை மூன்று மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில் நீரில் ஒட்சிசன் மிகக் குறைந்த நிலைக்கு வந்துவிடும். லீற்றருக்கு மூன்று மில்லிகிராமுக்குக் கீழே ஒட்சிசன் இறங்கினால் இறால் தளரும். இன்னும் இறங்கினால் கரையோரமாக மேலே மிதந்து வந்து, சூரியன் எழும்புமுன் செத்து அடியில் படியும். அந்த மூன்று மணிநேரத்தைக் கடக்க வைப்பது துடுப்புச் சக்கரம்போல் நீரை அடித்துச் சிதறடிக்கும் ஏரேட்டர்.

கணக்கைப் பார்ப்போம். ஒரு குதிரைவலு ஏரேட்டர் ஏறத்தாழ 400 முதல் 500 கிலோ இறாலைத் தாங்கும் என்பது இந்தத் தொழிலில் உலகெங்கும் வழங்கும் கைக்கணக்கு. ஒரு குதிரைவலு என்றால் முக்கால் கிலோவாட். இரவு பன்னிரண்டு மணிநேரம் ஓடினால் ஒன்பது யூனிட். நான்கு மாதத்தில் ஆயிரம் யூனிட்டைத் தாண்டும். அதாவது ஒரு கிலோ இறாலுக்கு இரண்டு யூனிட் சொச்சம். ஒரு கிலோ இறாலின் சந்தை விலைக்குப் பக்கத்தில் இந்தச் செலவு சிறியது. இவ்வளவு குறைந்த மின்சாரத்தில் இவ்வளவு பெறுமதியை உண்டாக்கும் கிராமத்துத் தொழில் அபூர்வம்.

ஆனால் அதே ஏரேட்டர்தான் ஒரு குளத்துக்குள் இன்னும் நெருக்கமாகக் குஞ்சு விடும் துணிச்சலையும் கொடுத்தது. நெருக்கம் கூடக் கூட நோயும் கூடியது. 1996இல் வந்த வெண்புள்ளி நோய் இந்தக் கரையின் இறால் தொழிலை அடித்து வீழ்த்தியது. ஒரு பண்ணை கழித்த நீரைப் பக்கத்துப் பண்ணை உள்ளே இழுத்தது. கால்வாயும் களப்பும் ஒன்றே என்பதால் நோய்க்கு வேலி இருக்கவில்லை. முந்தல் களப்புக்கு நேராகக் கடலோடு திறந்த வாய் கிடையாது. கால்வாய் வழியாகத்தான் புத்தளம் களப்போடும் சிலாபத்தோடும் அது பேசுகிறது. அப்படிப்பட்ட ஆழமில்லாத தண்ணீருக்குள் நூற்றுக்கணக்கான பண்ணைகளின் கழிவு போனால் என்ன ஆகும் என்பதை அப்போது யாரும் கேட்கவில்லை. கண்டற்காடும் அழிந்தது. பண்ணை போட முதலில்லாத களப்பு மீனவருக்கு இரண்டு பக்க நட்டம்: பண்ணையின் இலாபத்திலும் பங்கில்லை, களப்பின் மீனும் குறைந்தது. பின்னர் தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை, பகுதி பகுதியாகப் பிரித்து யார் எந்த மாதம் குஞ்சு விடலாம் என்ற போக நாட்காட்டியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தொழிலைக் காப்பாற்றியதில் அந்தக் கட்டுப்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. மின்சாரம் கொடுத்த வேகத்துக்குக் கடிவாளம் போட ஒரு கூட்டு ஒழுங்கு தேவைப்பட்டது என்பதை, இனி எந்தத் தொழிலுக்கு இங்கே மின்சாரத்தைத் திருப்பினாலும் மறக்கக்கூடாது.

பண்ணைக்காரர் கடலைவிட அதிகம் பயப்படுவது விடியற்காலை மின்வெட்டுக்கு. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் போனது. ஜெனரேட்டருக்கு ஊற்ற டீசலுக்கும் வரிசை. இரண்டும் ஒரே நேரத்தில் இல்லாமற்போன அந்த நாட்களில் குளத்தில் இறால் வைத்திருந்தவர்களின் நெஞ்சு எப்படி அடித்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால் நாடே இருண்டது. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் மூன்று அலகுகளும் நின்று, பின்பு சில நாட்கள் முறைவைத்து மின்சாரம் நிறுத்தப்பட்டது. நகரத்து வீட்டில் ஒன்றரை மணிநேர இருட்டு ஒரு தொல்லை. இறால் குளத்திலோ ஐஸ் அறையிலோ அது ஒரு பருவத்து முதலையே விழுங்கக்கூடியது. ஆகவே ஊரில் இணைப்பு இருக்கிறதா என்று கேட்டு முடிக்கிற கணக்கெடுப்பு தொழில் செய்பவருக்கு உதவாது. ஒரு மாதத்தில் எத்தனை முறை நின்றது, எத்தனை மணிக்கு நின்றது, முன்கூட்டியே அறிவித்தார்களா, கடைசிக் கம்பத்தில் எத்தனை வோல்ட் நின்றது என்று கேட்கவேண்டும். வரிசையின் கடைசி வீட்டில் மாலையில் மின்னழுத்தம் விழுந்து, மோட்டார் சூடேறி, சுற்றுக் கம்பி கருகிப்போனால், அந்த ஒரு பழுதில் ஆறு மாத இலாபம் போய்விடும். இந்தியாவில் குஜராத் 2003 முதல் நடத்திய ஜோதிகிராம் திட்டம் இதைத்தான் சரிசெய்தது. விவசாயப் பம்புகளுக்குத் தனிக் கம்பியும், வீட்டுக்கும் சிறுதொழிலுக்கும் தனிக் கம்பியும் இழுத்ததால் ஊருக்குள் நாள் முழுக்க ஒழுங்கான மின்சாரம் நின்றது.

நுரைச்சோலையின் பெயர் வந்ததால் ஒரு மனவருத்தத்தையும் பதிய வேண்டும். கற்பிட்டித் தீபகற்பத்தில் உள்ள அந்த நிலக்கரி நிலையம் 2011இல் முதல் அலகோடு தொடங்கி, 2014இல் 900 மெகாவாட்டாக முழுமை பெற்றது. நாட்டின் மிகப் பெரிய மின்நிலையம் அதுதான். 2010 முதல் மாம்புரியிலும் அயலிலும் காற்றாலைகளும் சுழல்கின்றன. தேசத்துக்கு இவ்வளவு மின்சாரம் கொடுக்கும் மாவட்டத்தின் கரையோர மக்கள், சாம்பல் தூசி பயிரில் படிகிறதென்றும் வலை விரிக்கும் கடல் சுருங்குகிறதென்றும் ஆண்டாண்டாக முறையிடுகிறார்கள். அந்தப் பாரத்தைச் சுமக்கிற ஊர்களுக்கு முதலில் நல்ல தொழில் மின்சாரம் கிடைக்க வேண்டும் என்று கேட்பது நியாயம்.

இனி மீன். உடப்பின் அடிப்படைத் தொழில் கரைவலையும் சிறு படகும். கச்சான் காற்றில் மேற்குக் கடல் குமுறும். ஒக்டோபருக்குப் பின் கடல் அடங்கி ஏப்ரல் வரை மீன் கரைக்கு வரும். வந்தால் ஒன்றாகக் கொட்டும். நெத்தலி, சூடை, சாளை போன்ற சிறுமீன் வெயிலில் சில மணிநேரம்கூடத் தாங்காது. காலையில் வலை ஏறும்போது கரையில் ஐஸ் இருந்தால் விலை பேசலாம். இல்லாவிட்டால் முதலில் வருகிற லொறிக்காரர் சொல்வதே விலை. மீதி கருவாட்டுக்குப் போகும், அதுவும் முடியாதபோது வீணாகும்.

வெப்பநாட்டில் ஒரு தொன் கட்டி ஐஸ் செய்ய ஏறத்தாழ 55 முதல் 70 யூனிட் மின்சாரம் போகும். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்று தாராளமாகவே வைத்தாலும், ஒரு கிலோ மீனைக் காக்க யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை. அதன் விலை சில ரூபாய். ஐஸ் இல்லாததால் மீன் இழக்கும் விலை அதைப்போலப் பல மடங்கு. அப்படியிருக்க, கரையில் போதிய ஐஸ் ஏன் இல்லை? ஐஸ் ஆலைக்கு மூன்று பேஸ் இணைப்பும், ட்ரான்ஸ்போமரும், பெரிய முதலும் வேண்டும். மீனோ ஆண்டில் பாதிக்காலம்தான் வருகிறது. தனி ஒரு சம்மாட்டி (வலை உரிமையாளர்) அந்த முதலைப் போட அஞ்சுவார். வெளி முதலாளி போட்டால் ஐஸையும் அவரே விற்பார், மீனையும் அவரே வாங்குவார்; அப்போது மின்சாரத்தின் இலாபம் கரையில் நிற்காமல் லொறியேறிப் போய்விடும். இதற்குக் கூட்டுறவைத் தவிர வேறு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஐஸுக்கு இன்னொரு குணம் உண்டு: அது மின்சாரத்தைச் சேமித்து வைக்கும். 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் ஆலைகள் மூடிக் கிடந்ததால் பகலில் மின்சாரம் தேவைக்கு மிஞ்சியது. 13ஆம் திகதி முதல் 21ஆம் திகதிவரை பிற்பகல் மூன்று மணிவரை கூரைச் சோலாரை நிறுத்திவைக்கும்படி மக்களிடம் கேட்டுக்கொண்டார்கள். நண்பகலில் மிஞ்சும் அந்த மின்சாரத்தைக் கரையோர ஐஸ் ஆலைகளுக்குக் குறைந்த கட்டணத்தில் கொடுத்தால், பகலில் உறைந்த கட்டி மறுநாள் காலை வலை ஏறும்போது கையில் இருக்கும். பெரிய மின்கலத்துக்குப் பணம் தேடுவதைவிட இது எளிது.

கருவாட்டைப் பொறுத்தவரை நான் சற்று எச்சரிக்கையாகவே பேசுவேன். வெயில் இலவசமாகக் காயவைப்பதை மின்சார உலர்த்தியால் காயவைக்கச் சொல்லும் திட்டங்கள், பெண்களின் தலையில் கட்டணத்தை ஏற்றிவிட்டுப் போகும். அவர்களுக்கு வேண்டியது மணலுக்கு மேலே உயர்த்திய தட்டு, ஈ மொய்க்காத வலை, மழைக்கு மூடும் ஒளிபுகும் கூடாரம். மின்சாரம் வேண்டிய இடம் அதற்குப் பிறகு வருகிறது: பச்சை மீனை ஓரிரவு தாங்கவைக்கும் உறைபெட்டி, பை ஒட்டும் சிறு இயந்திரம், நம்பகமான தராசு. கடலுக்குள்ளும் மின்சாரத்தால் இப்போதைக்கு அதிகம் உதவ முடியாது. படகு எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடுகிறது. 2022 ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே இரவில் ஏறியது. அந்த அடியை எந்த மீட்டரும் தாங்கிக்கொள்ளவில்லை.

அடுத்தது பயிர். கற்பிட்டிப் பக்கத்து மணற்காணிகளில் வெங்காயமும் மிளகாயும் கிணற்று நீரில் விளைகின்றன. மண்ணெண்ணெய் பம்பை விட்டு மின்பம்புக்கு மாறியவருக்குச் செலவு குறையும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் மணலுக்கடியில் மிதக்கும் நன்னீர் மெல்லிய படைதான்; கூடுதலாக இறைத்தால் உவர் ஏறும், போட்ட உரமும் நைத்திரேற்றாகக் கிணற்றுக்கே திரும்பும். தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் கொடுத்துப் பல மாவட்டங்களில் நிலத்தடி நீர் அடிமட்டத்துக்குப் போன கதையை இங்கே யாரும் திரும்ப எழுதவேண்டாம்.

கட்டணப் பட்டியலுக்கு வருகிறேன். இது மிகக் குறைவாகப் பேசப்படும் விடயம். 2014 முதல் 2022 ஓகஸ்ட் வரை மாதம் 60 யூனிட்டுக்குள் பாவிக்கும் வீட்டுக்கு முதல் 30 யூனிட் தலா 2.50 ரூபாய். 90 யூனிட்டைத் தாண்டியதும் ஒவ்வொரு கூடுதல் யூனிட்டும் 27.75 ரூபாய் அல்லது அதற்கு மேல், 180ஐத் தாண்டினால் 45 ரூபாய். அதே காலத்தில் சிறிய கைத்தொழில் இணைப்புக்கு யூனிட் 10.80 ரூபாய். ஏழையின் பல்ப்பைக் காப்பதற்காகப் போட்ட படிக்கட்டு இது, நோக்கம் நல்லது. ஆனால் வீட்டு மீட்டரிலேயே தையல் மெஷின் ஓட்டி, மா அரைத்து, உறைபெட்டியில் ஐஸ் பக்கற் போட்டு விற்கும் பெண் அந்தப் படிக்கட்டில் ஏறி, கூடுதல் யூனிட்டுக்கு ஆலைக்காரரைப்போல் இரண்டரை மடங்கு கட்டினாள். உழைக்க உழைக்கத் தண்டம் கூடியது.

அதன்பின் வந்தது இன்னும் கொடுமை. மாதம் 30 யூனிட் பாவிக்கும் வீட்டின் பட்டியல் 2022 ஓகஸ்டுக்கு முன் 105 ரூபாய். ஓகஸ்டில் 360 ஆனது. 2023 பெப்ரவரியில் 1,300. ஆறு மாதத்தில் பன்னிரண்டு மடங்கு. அந்த ஆண்டில் கட்டணம் கட்டாததால் நாடெங்கும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. 2016இல் அறிவித்த நூறு சதவீதம் இதனால் கிழிந்துபோனது என்றே நான் சொல்வேன். கம்பி வாசல்வரை நின்றது, வீட்டுக்குள் கரண்ட் இல்லை. பின்னர் கட்டணம் ஏறி இறங்கியது. 2025 ஜனவரியில் சராசரியாக 20 சதவீதம் இறக்கினார்கள். ஆனாலும், அடுத்த மாதம் யூனிட் என்ன விலை என்று தெரியாத நாட்டில் ஒரு பெண் கடன்பட்டு உறைபெட்டி வாங்குவது இலேசான முடிவாக இருக்காது. வீட்டிலேயே தொழில் செய்பவருக்கென்று, ஓராண்டுக்காவது மாறாத ஒரு தனிக் கட்டணம் வேண்டும். பிரதேச செயலகத்தில் பதிந்த சிறுதொழிலுக்கு அதைக் கொடுப்பதில் நிர்வாகச் சிக்கல் பெரிதாக இல்லை.

கூரைச் சோலார் இதற்கு மாற்று என்று பலர் சொல்கிறார்கள். 2016இல் தொடங்கிய சூரிய பல சங்கிராமத் திட்டத்தில் முதல் ஏழு ஆண்டு யூனிட்டுக்கு 22 ரூபாய் கொடுத்தார்கள். கல்வீடும் வங்கிக் கடனும் உள்ளவர்களுக்கு அது நல்ல வருமானம். கிடுகுக் கூரைக்கும் தகரக் கொட்டிலுக்கும் அந்தத் திட்டம் ஏறவில்லை. அதற்கு முன்பு, கம்பி எட்டாத ஊர்களில் உலக வங்கித் திட்டத்தின்கீழ் 2011 வரை ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட சிறு சோலார்த் தொகுதிகள் கடனில் கொடுக்கப்பட்டன. சர்வோதயத்தின் நிதி நிறுவனமான சீட்ஸ் அந்தக் கடனைக் கிராமம்வரை கொண்டுபோனது. கம்பி வந்ததும் பல தொகுதிகள் மூலையில் போனாலும், சிறு கடனை வீட்டு வாசலில் கொடுத்து வாசலிலேயே வசூலித்த அந்த முறை இப்போது உறைபெட்டிக்கும் மோட்டாருக்கும் அப்படியே பொருந்தும்.

மூன்று பேஸ் இணைப்பைத் தனியாள் கேட்டால் கம்பத்தின் விலையும் கம்பியின் விலையும் மதிப்பீட்டுச் சீட்டில் அவர் பெயருக்கே வரும். பலர் அந்தச் சீட்டைப் பார்த்ததும் விண்ணப்பத்தை விட்டுவிடுவார்கள். மீன் இறங்கும் துறைக்கு ஒரு சங்கமாகக் கேட்டால் அதே செலவு பலருக்குப் பகிரும், அரச ஒதுக்கீட்டுக்கும் இடமுண்டு. உடப்புக் கரையில் அப்படியொரு கூட்டு விண்ணப்பத்துக்கு வேண்டிய ஆட்கள் எல்லாரும் இருக்கிறார்கள்: கரைவலைச் சம்மாட்டிமார், படகுக்காரர், கருவாடு போடும் பெண்கள், மீன் ஏற்றும் லொறிக்காரர். அவர்களையும் மின்விநியோகப் பொறியியலாளரையும் ஒரு வங்கி முகாமையாளரையும் ஒக்டோபரில் மீன் காலம் தொடங்குமுன் ஒரே மேசையில் இருத்துவது, முந்தல் பிரதேச செயலகத்தால் இந்த ஆண்டே செய்யக்கூடிய வேலை.